பாட்டு கேட்கிறது, பாடுபவர் குரல் கேட்கவில்லை: ஒரு ஹெட்ஃபோன் ஜாக் கோளாறு

மூன்று வாரம், ஒரு புது ஹெட்ஃபோன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. மேசைக் கணினியின் முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக் ஒன்று இவ்வளவையும் விழுங்கியது. கடைசியில் கோளாறு இருந்த இடம் ஒரு மிளகளவுகூட இல்லை. எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். அந்த வரிசை வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் அறிகுறி சாதாரணமானது. வலது காதில் சத்தம் விட்டு விட்டு வந்தது. ஹெட்ஃபோன் ஒயரின் முனையில் உள்ள பின்னைக் கொஞ்சம் திருகினால் சரியாகும், கையை எடுத்தால் மறுபடி போகும். ஹெட்ஃபோன் ஒயர்தான் உள்ளே அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கியாயிற்று. அதிலும் அதே கதை. இங்கே விட்டது இரண்டு நிமிடச் சோதனை. ஹெட்ஃபோனைக் கழற்றி ஃபோனிலோ வேறு கணினியிலோ செருகி, ஒயரை நீளவாக்கில் விரலால் அசைத்துக்கொண்டே கேட்க வேண்டும். அங்கே ஒழுங்காகக் கேட்டால் ஹெட்ஃபோன்மேல் பழியில்லை. பிறகு, நன்றாக வேலை செய்யும் இன்னொரு ஹெட்ஃபோனைச் சந்தேகப்படும் ஜாக்கில் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். பின்னின் கழுத்தில் அசைத்தால் விட்டுப்போவதும், ஜாக்கில் அசைத்தால் விட்டுப்போவதும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் பின்னை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒயரை மட்டும் ஆட்டுங்கள். அடுத்து ஒயரை விட்டுவிட்டுப் பின்னை மட்டும் ஆட்டுங்கள். எதற்குச் சத்தம் பிசகுகிறதோ அங்கேதான் லூஸ் கான்டாக்ட்.

ஒரு வாரம் கழித்து வந்த அறிகுறிதான் என்னை முழுக்கத் திசைதிருப்பியது. பாட்டு ஓடுகிறது, வயலின் கேட்கிறது, பின்னணியில் கோரஸ் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது. ஆனால் பாடுபவரின் குரல் மட்டும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எல்லாமே பள்ளமாக ஒலித்தது. பேச்சுப் பதிவு ஒன்றைப் போட்டால் கிட்டத்தட்ட மௌனம். இப்படித் தேர்ந்தெடுத்துக் குரலை மட்டும் நீக்குவது சாஃப்ட்வேரால்தான் முடியும், ஏதோ எஃபெக்ட் ஆன் ஆகிவிட்டது என்று முழுமனதாக நம்பினேன். உண்மையில் இது வன்பொருள் கோளாறின் மிகத் தெளிவான கையெழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டவர் ஒரு நிமிடத்தில் கோளாறின் இடத்தைச் சொல்லிவிடலாம்.

3.5 மி.மீ. பின்னில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். இடது, வலது இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் மின்சாரம் திரும்பி வரும் பாதை அந்தக் கிரவுண்ட் ஒன்றுதான். அது ஜாக்கில் விட்டுப்போனால் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. இடது ஸ்பீக்கர் வழியாகப் போய், பொது ஒயரில் சேர்ந்து, வலது ஸ்பீக்கர் வழியாக மறுமுனைக்குப் போகிறது. இரண்டும் தொடர் இணைப்பாகிவிடுகின்றன. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடுபவர் குரல், பேஸ், டிரம் எல்லாம் பொதுவாக நடுவில் வைத்துத்தான் ஒலிக்கலவை செய்யப்படும். அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரே அளவில் வித்தியாசம் ஏது? அவை ஒன்றையொன்று அடித்துப் பூச்சியமாகிவிடும். ஒரு பக்கமாக வைத்த வயலினும் கோரஸும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி உள்ள மோனோ பதிவு என்றால் ஒன்றுமே மிஞ்சாது.

இதை உறுதிசெய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒலி அமைப்பில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். ஜாக் ஒழுங்காக இருந்தால் இடது காதில் மட்டும் கேட்கும். கிரவுண்ட் விட்டுப்போயிருந்தால் இரண்டு காதிலும் சன்னமாகக் கேட்கும், காணாமல்போன குரலும் திரும்பி வந்திருக்கும். அப்படிக் கேட்டால் டிரைவர் (ஒலிச் சில்லை இயக்கும் மென்பொருள்) பக்கமே போகாதீர்கள். பின் முழுதாக உள்ளே போகாமல் நின்றாலும் இதே விளைவுதான். கேபினட்டின் முன்தகடு தடிமனாக இருந்து, பின்னின் பிளாஸ்டிக் உடல் பருமனாக இருந்தால், கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே இறங்காமல் தட்டி நிற்கும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் டிரைவரைத் துரத்தினேன். நீக்கிப் புதிது போட்டேன், பழைய பதிப்புக்குப் போனேன், மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டேன், கடைசியில் விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவினேன். அந்த ஞாயிறு அதில்தான் போயிற்று. பயன்படுத்தும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்ற இன்னும் இரண்டு இரவு. அத்தனையும் முடித்து ஹெட்ஃபோனைச் செருகினால் அதே கிணற்றுச் சத்தம். அப்போது வந்த சோர்வை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கணினியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பின்னைத் தொட்டால் மாறும் கோளாறு சாஃப்ட்வேர் கோளாறு ஆகாது. இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சாஃப்ட்வேர் பக்கம் பார்க்க வேண்டியவை இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். சத்தமே வராதபோது, விண்டோஸில் சவுண்ட் பகுதியின் பிளேபேக் பட்டியலைத் திறந்து, காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து, முடக்கிய சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். ஹெட்ஃபோன் அங்கே முடங்கிக் கிடந்தால் இயக்கிவிட்டு, அதையே டிஃபால்ட்டாக வையுங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்திருந்தால் சத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். இது அடிக்கடி நடப்பது. ஒலி மேம்பாட்டு வசதிகளை எல்லாம் அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் ஆடியோ என்ற சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். ரியல்டெக் ஒலிச் சில்லுக்கான மென்பொருள் இருந்தால், முன்பக்க ஜாக்கைக் கண்டறிவதை முடக்கும் தேர்வு அதில் இருக்கும். செருகியது தெரியாமல் முழிக்கும் கணினியில் அதை டிக் செய்து பார்க்கலாம். லினக்ஸ் என்றால் ஆல்சாமிக்சர் என்ற ஒலி அமைப்புக் கருவியை டெர்மினலில் திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டைத் தேர்ந்தெடுத்து, ஹெட்ஃபோன் பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தால் எம் விசையைத் தட்டுங்கள். ஆட்டோ மியூட் என்ற தேர்வையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் சந்தேகம் தீராவிட்டால், சிஸ்டத்தை அழிக்காதீர்கள். உபுண்டு போன்ற ஒன்றை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து கணினியை பூட் செய்து, ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அது முற்றிலும் வேறு டிரைவர். அங்கேயும் அதே கோளாறு என்றால் விண்டோஸ்மேல் தப்பில்லை. அரை மணி நேர வேலை, ஒரு கோப்பும் போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

அடுத்து, முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை: கணினியின் பின்பக்கம் உள்ள வெளிர்பச்சை ஜாக். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் லைன்-இன்னுக்கு, பச்சை ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும். பின்பக்க ஜாக் மதர்போர்டிலேயே நேரடியாகப் பற்றவைத்தது. முன்பக்க ஜாக் அப்படியல்ல. கேபினட்டின் முகப்பில் ஒரு சின்னப் பலகையில் இருக்கும், அங்கிருந்து ஒரு ஒயர் கற்றை மதர்போர்டுக்குப் போகும். பின்னால் ஒழுங்காகக் கேட்டு முன்னால் கேட்கவில்லை என்றால், ஒலிச் சில்லும் டிரைவரும் பெரும்பாலும் நலமே. மிச்சமிருப்பவை மூன்று: ஒயரின் கனெக்டர், ஒயர், ஜாக். என் கணினியில் பின்பக்கம் செருகியதும் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது. நிம்மதிக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு வாரத்துக்குப் பின் நடந்த இந்தச் சோதனைக்கு ஆன நேரம் பதினைந்து விநாடி.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னில் மூன்று கறுப்பு வளையக் கோடுகள் இருந்தால் அது மைக்கோடு கூடிய நான்கு பகுதிப் பின். பச்சை ஜாக்கில் செருகினால் பாட்டு பெரும்பாலும் கேட்கும், மைக் வேலை செய்யாது. அது பழுதே இல்லை. ஹெட்ஃபோனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று பிரிக்கும் ஒய் வடிவ ஒயர் போதும்.

இனி கேபினட்டைத் திறக்கும் கட்டம். கணினியை அணைத்து, பவர் சப்ளையின் பின் சுவிட்சையும் அணைத்து, மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். ஆடியோ கனெக்டர் பெரும்பாலும் மதர்போர்டின் கீழ் விளிம்பில், பின்பக்க ஜாக்குகள் இருக்கும் பக்கத்து மூலையில் இருக்கும். போர்டில் எஃப்_ஆடியோ, எச்டி_ஆடியோ1, ஏஏஎஃப்பி, ஜேஏயுடி1 என்று நிறுவனத்துக்கு ஒரு பெயராக ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். இரண்டு வரிசையில் ஒன்பது ஊசிகள். பத்து இடத்தில் எட்டாவது காலி. யுஎஸ்பி 2.0 கனெக்டரும் பார்வைக்கு இதேபோல ஒன்பது ஊசிதான், ஆனால் அதில் காலியாக இருப்பது ஒன்பதாவது, அதாவது ஓர ஊசி. அழுத்தித் திணிக்காமல் இந்தக் காலியிடத்தைப் பார்த்துச் செருகுங்கள். பழைய கேபினட்டில் ஒரே ஒயரில் ஏசி97 (பழைய ஒலித் தரம்), எச்டி ஆடியோ (அதற்குப் பின் வந்தது) என்று இரண்டு கனெக்டர்கள் தொங்கும். இன்றைய மதர்போர்டுக்கு எச்டி என்று எழுதியதைத்தான் போட வேண்டும். மற்றதைப் போட்டால் சத்தம் வரலாம், ஆனால் பின் செருகியது கணினிக்குத் தெரியாது. சில போர்டுகளின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) முன்பக்க ஜாக் எந்த வகை என்று கேட்கும் தேர்வும் இருக்கும், அங்கேயும் எச்டி.

என் கனெக்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தூசி தட்டியபோது கை பட்டிருக்க வேண்டும். ஒயர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இறுக்கமாக வளைந்து போயிருந்தது, அந்த இழுவையும் ஒரு காரணம். ஒயரைத் தளர்த்தி, கனெக்டரை நேராக அழுத்தியதும் 'சாதனம் செருகப்பட்டது, நீக்கப்பட்டது' என்று மாறி மாறி வந்த அறிவிப்பு நின்றது. கிராபிக்ஸ் கார்டை ஒட்டி ஓடும் ஆடியோ ஒயர் இரைச்சலையும் வாங்கும்; மவுஸை நகர்த்தும்போது காதில் சன்னமாகச் 'சிர்' என்று கேட்டால், ஒயரைக் கேபினட்டின் ஓரமாக மாற்றிவிட்டுக் கேளுங்கள். ஆனால் என் கணினியில் குரல் இன்னும் திரும்பவில்லை. இரண்டு கோளாறு ஒன்றாக இருந்ததால்தான் இத்தனை குழப்பம். ஒன்று தீர்ந்ததும் முடிந்தது என்று கேபினட்டை மூடிவிடாதீர்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. ஜாக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் துணிப்பஞ்சு அடியில் அடைந்திருப்பது தெரியும். மரப் பல்குச்சியின் நுனியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். உலோக ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு வளைந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சி 3.5 மி.மீ. துளைக்குள் போகாது. பல்லிடுக்குத் தேய்க்கும் மெல்லிய பிரஷ் சரியாகப் போகும். அதில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு தொட்டுச் சுழற்றித் தேய்த்து, பழைய பின் ஒன்றைப் பதினைந்து இருபது முறை செருகி எடுங்கள். அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஜாக்கில் அடிக்கவே கூடாது. எண்ணெய்ப் படலம் தங்கி, தூசியை இழுத்து, மாதக்கணக்கில் கரகரக்கும். எலெக்ட்ரானிக்ஸுக்கான கான்டாக்ட் கிளீனர் தனியாகக் கிடைக்கும், அது பரவாயில்லை. சுத்தம் செய்தபின் என் ஜாக் இரண்டு நாள் ஒழுங்காக நடந்துவிட்டு மறுபடி பழைய நிலைக்கே வந்தது. சுத்தம் செய்து ஓரிரு நாளில் திரும்பினால் காரணம் அழுக்கு அல்ல, உலோகம் எங்கோ விட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். மலிவானதே போதும், பீப் அடிக்கும் வசதி இருந்தால் சரி. இரண்டு முனையிலும் பின் உள்ள ஆக்ஸ் ஒயர் ஒன்றும் வேண்டும். முதலில் அந்த ஒயரையே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சோதித்துவிடுங்கள். பிறகு ஆடியோ கனெக்டரை மதர்போர்டிலிருந்து உருவி, ஆக்ஸ் ஒயரின் ஒரு முனையை முன்பக்க ஜாக்கில் செருகினால், மறுமுனை கைக்கு வசதியாக வெளியே நிற்கும். கனெக்டரின் 9-ஆம் துளைக்கும் பின்னின் நுனிக்கும் பீப் அடிக்க வேண்டும்; அது இடது. 5-ஆம் துளைக்கும் நடு வளையத்துக்கும், அது வலது. 2-ஆம் துளைக்கும் அடிப்பகுதிக்கும், அது கிரவுண்ட். 7-க்கும் 10-க்கும் இடையில் பின் செருகியிருக்கும்போது மட்டும் பீப் வர வேண்டும். கணினிக்கு 'ஹெட்ஃபோன் வந்துவிட்டது' என்று சொல்லும் சுவிட்ச் அது. துளைக்குள் மீட்டரின் முனை போகாது, மெல்லிய குண்டூசியை வைத்து அதைத் தொடுங்கள். ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே பின்னை நாலாபக்கமும் லேசாக அசைக்க வேண்டும். அசையாதபோது பீப் அடித்து, அசைத்ததும் நின்றால் பிடிபட்டது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் நல்லது. ஒரு ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 16 அல்லது 32 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கிரவுண்டில் நாலைந்து ஓம் கூடினாலே குரல் மெலிந்து பின்னுக்குப் போய்விடும்.

கிரவுண்ட் பீப் அசைக்க அசைக்க விட்டு விட்டு வந்தது. வலதும் ஓரிரு முறை தவறியது. கேபினட்டின் முகப்பைக் கழற்றி, இரண்டு திருகை எடுத்து, அந்தச் சின்னப் பலகையை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு எல்லாம் பளபளப்பாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடியில் சாய்வாக வெளிச்சம் அடித்தபோது தெரிந்தது: ஜாக்கின் கிரவுண்ட் காலைச் சுற்றி, பற்றவைத்த ஈயத்தில், தலைமுடி அகலத்தில் முழு வட்டமாக ஒரு விரிசல். பின்னை அசைத்தால் கால் அந்த வட்டத்துக்குள் மேலும் கீழும் நகர்கிறது, ஈயம் அப்படியே நிற்கிறது. பக்கத்து வலது காலில் அரைவட்டம். மூன்று வாரம் தேடியது அதுதான். பின்னின் எடை, ஒயரின் இழுவை, செருகி எடுக்கும் விசை எல்லாம் தினமும் அந்த நாலைந்து ஈயப் புள்ளிகளில்தான் இறங்குகிறது.

மறுபடி பற்றவைப்பது கடினமில்லை. 60/40 ஈயம், 0.8 மி.மீ. தடிமன், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் கொஞ்சம், பற்றுக்கோல் 350 டிகிரி செல்சியஸ் அளவில். ஜாக்கில் பழைய பின் ஒன்றைச் செருகி வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் உள்தகடுகள் இடம் மாறாது. ஒவ்வொரு காலிலும் ஃபிளக்ஸ் தடவி, இரண்டு மூன்று விநாடி சூடேற்றி, புது ஈயம் கொஞ்சம் ஊட்டி, பழையதோடு உருகிக் கலந்ததும் கோலை எடுத்துவிடுங்கள். காலைச் சுற்றி ஈயம் எரிமலை வடிவில் சரிவாக ஏறி நிற்க வேண்டும். உருண்டையாக மணிபோல நின்றால் ஒட்டவில்லை என்று பொருள். விரிசல் விட்ட காலை மட்டும் பார்க்காமல் எல்லாக் கால்களையும் செய்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள். மல்டிமீட்டரை எடுத்ததிலிருந்து முகப்பை மாட்டியதுவரை முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் பாட்டில் குரல் நடுநெற்றிக்கு நேராக வந்து நின்றபோது கண் கலங்கியது உண்மை.

ஈயம் நன்றாக இருந்து, உள்ளே ஸ்பிரிங் தகடு தளர்ந்துபோயிருந்தால் ஜாக்கையே மாற்ற வேண்டும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கால்களின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒத்த ஒன்றை வாங்குங்கள், 3.5 மி.மீ. என்று மட்டும் சொன்னால் பொருந்தாத பத்து வகை வரும். மதர்போர்டின் பின்பக்க ஜாக்கை நீங்களே கழற்ற முயலாதீர்கள். போர்டின் உள்ளடுக்குகளில் இருக்கும் அகலமான செப்புத்தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். ஈயம் உருகுவதற்குள் துளையின் உள்பூச்சு பிய்ந்துவரும். அங்கே கோளாறு என்றால் யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிடுவதே நல்லது. மானிட்டரிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால் அதுவும் தேவையில்லை. எச்டிஎம்ஐ வழியாக ஒலி அங்கே வந்துவிடும்.

பின்னின் நுனி முறிந்து உள்ளே தங்கிவிட்டால், ஹெட்ஃபோன் செருகியிருப்பதாகவே கணினி நினைத்து ஸ்பீக்கரை ஊமையாக்கி வைத்திருக்கும். முன்புறத்திலிருந்து குத்தினால் இன்னும் ஆழமாகத்தான் போகும். பலகையை வெளியே எடுத்துப் பாருங்கள், பல ஜாக்குகளின் பின்புறம் திறந்தே இருக்கும். அங்கிருந்து மெல்லிய கம்பியால் முன்னோக்கித் தள்ளினால் வந்துவிடும்.

இப்போது முன்பக்க ஜாக்கில் ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன் ஒயரை நிரந்தரமாகச் செருகி, கேபினட்டின் பக்கத்தில் டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன். ஹெட்ஃபோனைச் செருகுவதும் எடுப்பதும் அதன் மறுமுனையில்தான். தேய்ந்தால் அந்த ஒயர் தேயட்டும்.